அஞ்சல் வழங்கியின் வாசலில் நினைவகப் பிழை

மின்னஞ்சலை வாங்கி, சேமித்து, உரியவருக்கு அனுப்பும் கணினியும் அதில் ஓடும் மென்பொருளும் சேர்ந்து அஞ்சல் வழங்கி எனப்படுகிறது. பேச்சு வழக்கில் இதை மெயில் சர்வர் என்பர். ஒரு நிறுவனத்தின் வழங்கி வழியே அஞ்சல் அனுப்ப விரும்புபவர் முதலில் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் தந்து, தாம் யார் என்பதை நிறுவ வேண்டும். இதற்கு அடையாளச் சரிபார்ப்பு என்று பெயர். இந்தச் சரிபார்ப்பைச் செய்யும் நிரலிலேயே கணினியின் நினைவகத்தைக் கையாள்வதில் பிழை இருந்தால், கடவுச்சொல் தெரியாத ஒருவர்கூட அந்த வழங்கியைக் கைப்பற்ற வழி ஏற்படும். உலகில் பரவலாகப் பயன்படும் போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருளில் 2011இலும், எக்சிம் மென்பொருளில் 2018இலும் 2023இலும் இத்தகைய குறைபாடுகள் வெளிவந்தன. காவலுக்காகச் சேர்க்கப்பட்ட பகுதியே தாக்குதலுக்கு வழிவிட்ட வரலாறு இது. இதற்குத் தீர்வு தேடும் முயற்சிகளில் சென்னை ஐஐடிக்கும் பங்கு உண்டு.

பூட்டில்லாத காலம்

இணையத்தில் அஞ்சல் பரிமாற்றத்துக்கான எஸ்எம்டிபி நெறிமுறையை ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 821 என்ற ஆவணமாக வெளியிட்டார். அதில் அடையாளச் சரிபார்ப்பு இல்லை. இணையத்தில் இருந்தவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் என்பதால், அனுப்புபவர் சொல்லும் பெயரை வழங்கி அப்படியே நம்பியது. எங்கிருந்தோ வந்த அஞ்சலை வேறெங்கோ கொண்டு சேர்ப்பது அன்று நல்ல அண்டைவீட்டு வழக்கமாகவே கருதப்பட்டது.

1988 நவம்பர் 2 அன்று இந்த நம்பிக்கை உடைந்தது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் எழுதிய நிரல் ஒன்று தானாகவே ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் பரவியது. மோரிஸ் புழு எனப் பெயர்பெற்ற அது பல வழிகளைப் பயன்படுத்தியது. சென்ட்மெயில் என்ற அஞ்சல் மென்பொருளில் சோதனைக்காக விடப்பட்டிருந்த ஒரு வசதி முதல் வழி. ஃபிங்கர்டி என்ற சேவையிலிருந்த நினைவகப் பிழை இன்னொரு வழி. ஃபிங்கர்டி தனக்கு வரும் கேள்வியை வைக்க 512 பைட் இடம் ஒதுக்கியிருந்தது. வந்த கேள்வியின் நீளத்தை அளக்கவில்லை. புழு 536 பைட் அனுப்பியது. மிகுந்த பைட்டுகள் பக்கத்து நினைவகத்தில் வழிந்து, கணினி அடுத்துச் செய்யவேண்டிய வேலை எது என்ற குறிப்பையே மாற்றின. ஏறத்தாழ 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டதாக அன்று மதிப்பிடப்பட்டது. அதே மாதத்தில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் உலகின் முதல் கணினி அவசர உதவிக் குழுவான செர்ட் தொடங்கப்பட்டது.

இந்தியா அப்போதுதான் மின்னஞ்சலுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. 1986இல் மத்திய அரசின் மின்னணுவியல் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் எர்நெட் என்ற கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பைத் தொடங்கியது. மும்பையின் என்சிஎஸ்டி, பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், சென்னை உட்பட ஐந்து ஐஐடிகள் ஆகியவை அதில் சேர்ந்தன. தமிழ்நாட்டில் மின்னஞ்சல் முதலில் வேர்பிடித்த இடங்களில் சென்னை ஐஐடி ஒன்று. பொதுமக்களுக்கான இணையச் சேவையை விஎஸ்என்எல் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் தொடங்கியது.

சரிபார்ப்பு வந்த விதம்

1990களின் நடுவில் வணிக விளம்பரம் அனுப்புவோர் பூட்டில்லாத வழங்கிகளைத் தேடிப் பிடித்தனர். யாரோ ஒருவரின் வழங்கி வழியே லட்சக்கணக்கான குப்பை அஞ்சல்கள் போயின. செலவும் கெட்ட பெயரும் வழங்கியின் உரிமையாளருக்கு வந்தன. வழங்கியை வெளியாருக்கு மூடுவது தவிர்க்க முடியாததாயிற்று. ஆனால் ஊழியர் ஒருவர் வெளியூரில் இருந்து அஞ்சல் அனுப்ப வேண்டுமென்றால், அவர் உள்ளூர்க்காரர் என்று வழங்கிக்கு எப்படித் தெரியும்?

இதற்கு விடையாக ஜான் மையர்ஸ் இரண்டு நெறிமுறைகளை எழுதினார். 1997இல் வந்த எஸ்ஏஎஸ்எல் பலவகைச் சரிபார்ப்பு முறைகளுக்கும் பொதுவான சட்டகம். 1999 மார்ச்சில் வந்த ஆர்எஃப்சி 2554 அதை அஞ்சலுடன் இணைத்தது. அதன்படி அஞ்சல் அனுப்பும் நிரல் முதலில் ஆத் என்ற கட்டளையைத் தந்து, எந்த முறையில் தன்னை நிறுவப்போகிறது என்று சொல்லும். பிளெய்ன், லாகின் ஆகிய முறைகளில் கடவுச்சொல் அப்படியே செல்லும். கிராம்-எம்டி5, டைஜஸ்ட்-எம்டி5 ஆகிய முறைகளில் வழங்கி ஒரு புதிரை அனுப்பும். கடவுச்சொல்லை வெளியிடாமல், அதைக் கொண்டு கணக்கிட்ட விடையை மட்டும் பயனரின் நிரல் திருப்பித் தரும். இப்படிச் செல்லும் தகவல்கள் பேஸ்64 என்ற குறியீட்டு வடிவில் போகும். மூன்று பைட் தகவலை நான்கு எழுத்துகளாக மாற்றும் முறை அது. வழங்கி அந்த எழுத்துகளை மறுபடி பைட்டுகளாக மாற்றிப் படிக்க வேண்டும்.

சரிபார்ப்பவரின் இக்கட்டு

இங்கேதான் சிக்கலின் வேர் இருக்கிறது. பழனி மலைத்தொடரில் உள்ள கொடைக்கானலுக்கு வரும் வாகனங்களுக்கு, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. மலைப்பாதையில் வண்டியை நிறுத்திப் பாஸைக் கேட்கும் ஊழியர், பாஸ் உள்ளவர் இல்லாதவர் என எல்லோரையும் சந்தித்தாக வேண்டும். போலிப் பாஸ் காட்டுபவரின் தாளையும் வாங்கிப் பார்த்தால்தான் அது போலி என்றே தெரியும். அந்தத் தாளைத் தொட்ட மாத்திரத்தில் தடுப்புக் கம்பி தானாக உயர்ந்துவிடும் என்றால் சோதனைக்குப் பொருளில்லை.

அஞ்சல் வழங்கியின் சரிபார்ப்பு நிரலும் அந்த ஊழியரின் நிலையில்தான் இருக்கிறது. உள்ளே வந்த பின் நடக்கும் வேலைகளில் பிழை இருந்தால், அதைப் பயன்படுத்த முதலில் ஒரு கடவுச்சொல் வேண்டும். சரிபார்ப்பு நிரலில் பிழை இருந்தால் எதுவும் வேண்டாம். உலகின் எந்த மூலையிலிருந்தும் எவரும் அதற்கு எழுத்துகளை அனுப்பலாம். அதுவும் அவற்றைப் படித்தே தீர வேண்டும்.

போஸ்ட்ஃபிக்ஸ், எக்சிம், சென்ட்மெயில் போன்ற அஞ்சல் மென்பொருள்கள் சி மொழியில் எழுதப்பட்டவை. இம்மொழியில் எவ்வளவு நினைவகம் வேண்டும் என்று கேட்பதும், வேலை முடிந்ததும் திருப்பித் தருவதும் நிரலரின் பொறுப்பு. ஒதுக்கிய இடத்துக்கு வெளியே எழுதினாலோ, திருப்பித் தந்த இடத்தை மறுபடி பயன்படுத்தினாலோ மொழி தானாகத் தடுப்பதில்லை. முதலாவதை இடம் சார்ந்த பிழை என்றும் இரண்டாவதைக் காலம் சார்ந்த பிழை என்றும் வகைப்படுத்துவர். அஞ்சல் வழங்கிகளில் இரண்டும் நேர்ந்தன.

2011: பழைய கைப்பிடி

போஸ்ட்ஃபிக்ஸை உருவாக்கியவர் வீட்சே வெனமா. ஐபிஎம் ஆய்வகத்தில் எழுதப்பட்டு 1998 டிசம்பரில் வெளிவந்த அது, பாதுகாப்பையே முதல் நோக்கமாகக் கொண்டது. ஆனால் சரிபார்ப்புக்குக் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் சைரஸ் எஸ்ஏஎஸ்எல் என்ற வெளி நூலகத்தைப் பயன்படுத்த அதில் வசதி இருந்தது. 2000ஆம் ஆண்டில் சேர்ந்த அந்த இணைப்புப் பகுதியில் இருந்த பிழை 2011 மே மாதத்தில் வெளியானது. அதன் பதிவெண் சிவிஇ-2011-1720.

சைரஸ் நூலகம் ஒவ்வொரு சரிபார்ப்பு உரையாடலுக்கும் ஒரு கைப்பிடியைத் தருகிறது. உரையாடலின் நிலை பற்றிய குறிப்புகள் எல்லாம் அதனுடன் சேர்ந்திருக்கும். ஒரு முயற்சி தோற்றால் பழைய கைப்பிடியை எறிந்துவிட்டுப் புதியதை வாங்க வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் பழையதையே மறுபடி பயன்படுத்தியது. எனவே ஒருவர் கிராம்-எம்டி5 முறையில் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு, அதே இணைப்பில் டைஜஸ்ட்-எம்டி5 முறையைக் கேட்டால், முதல் முறையின் குறிப்புகளும் இரண்டாம் முறையின் குறிப்புகளும் நினைவகத்தில் குழம்பின. நிரல் செயலிழந்தது; தாக்குபவர் தம் கட்டளையை ஓடவைக்கும் வாய்ப்பும் மறுக்கப்படவில்லை.

இதில் ஒரு முரண் உண்டு. கடவுச்சொல்லை அப்படியே அனுப்பும் பிளெய்ன், லாகின் முறைகளை மட்டும் அனுமதித்திருந்த வழங்கிகளுக்கு இந்தக் குறைபாட்டால் பாதிப்பில்லை. கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்று புதிர் முறைகளைச் சேர்த்திருந்தவையே சிக்கின. எளிய முறைக்கு நினைவில் வைக்க வேண்டியது குறைவு. நுட்பமான முறைக்கு அது அதிகம். நினைவில் வைப்பவை கூடக் கூடப் பிழைக்கான இடமும் கூடுகிறது.

போஸ்ட்ஃபிக்ஸின் கட்டமைப்பு பாதிப்பைக் குறைத்தது. வெளியுலகுடன் பேசும் பகுதி மிகக் குறைந்த அதிகாரத்துடன் தனியாக ஓடுவதால், அது வீழ்ந்தாலும் முழுக் கணினியும் உடனே கைமாறாது. 2.5.13, 2.6.10, 2.7.4, 2.8.3 ஆகிய பதிப்புகளில் பிழை திருத்தப்பட்டது. ஆனால் பதினொரு ஆண்டுகள் அது யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது.

2018: ஒரே ஒரு பைட்

எக்சிம் 1995இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் ஹேசல் எழுதியது. டெபியன் லினக்ஸில் இயல்பாக வரும் அஞ்சல் மென்பொருள் அது. இணையதளங்களை வாடகைக்கு விடும் நிறுவனங்கள் பயன்படுத்தும் சிபேனல் மேலாண்மை மென்பொருளும் எக்சிமையே கொண்டது. கொடைக்கானலில் ஒரு தங்கும் விடுதி தன் பெயரில் இணையதளமும் மின்னஞ்சலும் வாடகைக்கு வாங்கியிருந்து, அந்த வாடகைக் கணினியில் சிபேனல் இருந்தால், விருந்தினரின் முன்பதிவு அஞ்சல்களைக் கையாள்வது எக்சிம்தான். அந்தப் பெயரை விடுதிக்காரர் ஒருபோதும் கேள்விப்பட்டிருக்க வேண்டியதில்லை.

தைவானின் டெவ்கோர் நிறுவன ஆய்வாளர் மே சாங், 2018 பிப்ரவரி 5 அன்று எக்சிம் குழுவுக்கு ஒரு குறைபாட்டைத் தெரிவித்தார். சிவிஇ-2018-6789 எனப் பதிவான அது, பேஸ்64 எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் பகுதியில் இருந்தது. மாற்றிய விடையை வைக்க எவ்வளவு இடம் வேண்டும் என்பதை எக்சிம் இப்படிக் கணக்கிட்டது: எழுத்துகளின் எண்ணிக்கையை 4ஆல் வகுத்து, மீதியை விட்டுவிட்டு, 3ஆல் பெருக்கி, 1 கூட்டு. எட்டு எழுத்து வந்தால் 7 பைட் இடம் கிடைக்கும்; 6 பைட் விடைக்கு அது போதும். ஆனால் விதிக்குப் புறம்பாக ஏழே எழுத்து அனுப்பினால்? ஏழை நான்கால் வகுத்தால் ஈவு 1. ஆகவே ஒதுக்கும் இடம் 4 பைட். ஆனால் அந்த ஏழு எழுத்தில் இருந்து கிடைக்கும் விடை 5 பைட். மிகுந்த ஒரு பைட் பக்கத்து இடத்தில் போய் உட்காரும்.

ஒரு பைட் அற்பமாகத் தோன்றலாம். எக்சிம் குழுவும் தொடக்கத்தில், இதைப் பயன்படுத்தித் தாக்குவது கடினம் என்றே கருதியது. ஆனால் அந்தப் பைட் விழும் இடத்தை ஆய்வாளர் கவனமாகத் தேர்ந்தார். நினைவகத்தின் ஒவ்வொரு துண்டின் தலைப்பிலும் அதன் அளவு எழுதப்பட்டிருக்கும். அந்த எண்ணை மாற்றினால், துண்டு உண்மையில் உள்ளதைவிடப் பெரிதென்று நிரல் நம்பும். பிறகு அந்தத் துண்டு வழியே பக்கத்துத் தரவுகள் மீது எழுதலாம். அங்கே எக்சிமின் அணுகல் விதிகள் இருந்தன. அவ்விதிகளுக்குள் கணினிக் கட்டளையை ஓடவைக்கும் வசதியும் இருந்தது. விதியைத் தம் விருப்பப்படி மாற்றி எழுதியபின், வழங்கியே தாக்குபவரின் கட்டளையைச் செயல்படுத்தியது. இவை அனைத்தும் சரியான கடவுச்சொல் எதையும் தராமல், சரிபார்ப்பு உரையாடலுக்குள்ளேயே முடிந்தன.

எக்சிமின் முதல் பதிவிலிருந்தே இந்தப் பிழை இருந்ததாகவும், குறைந்தது 4 லட்சம் வழங்கிகள் ஆபத்தில் இருப்பதாகவும் டெவ்கோர் மதிப்பிட்டது. எக்சிம் குழு பிப்ரவரி 10 அன்றே திருத்திய 4.90.1 பதிப்பை வெளியிட்டது. இருபது ஆண்டுகளுக்கும் மேல் இருந்த பிழைக்கு ஐந்து நாளில் தீர்வு கிடைத்தது.

2023: தாமதத்தின் விலை

அடுத்த நிகழ்வு அவ்வளவு சுமுகமாக அமையவில்லை. குறைபாடுகளை விலைக்கு வாங்கி உரிய நிறுவனங்களுக்குத் தெரிவிக்கும் சீரோ டே இனிஷியேட்டிவ் அமைப்பு, 2022 ஜூனில் எக்சிமின் சில குறைபாடுகளைத் தெரிவித்தது. விவரம் போதவில்லை என்பது எக்சிம் தரப்பின் நிலை. திருத்தம் வராத நிலையில், 2023 செப்டம்பர் 27 அன்று அந்த அமைப்பு அவற்றைப் பொதுவெளியில் அறிவித்தது. அவற்றுள் சிவிஇ-2023-42115 பத்துக்கு 9.8 என்ற தீவிர மதிப்பெண் பெற்றது. எக்ஸ்டர்னல் என்ற சரிபார்ப்பு முறையில், ஒதுக்கிய எல்லைக்கு வெளியே எழுதும் பிழை அது. உடன் வந்த இன்னும் இரண்டு, மைக்ரோசாஃப்டின் என்டிஎல்எம் சரிபார்ப்பு முறையைக் கையாளும் பகுதியைச் சேர்ந்தவை. மூன்றையும் திருத்திய 4.96.1 பதிப்பு அக்டோபர் 2 அன்று வெளிவந்தது.

அஞ்சல் வழங்கிகள் ஏன் குறிவைக்கப்படுகின்றன என்பதற்கு 2020 மே மாதத்தில் ஒரு சான்று கிடைத்திருந்தது. ரஷ்ய ராணுவ உளவுத்துறையைச் சேர்ந்த சாண்ட்வார்ம் குழு, எக்சிமின் சிவிஇ-2019-10149 என்ற குறைபாட்டைப் பயன்படுத்தி வருவதாக அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை எச்சரித்தது. அது நினைவகப் பிழை அல்ல, வேறு வகை. ஆனால் அதற்கான திருத்தம் வந்து அப்போது ஓர் ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. திருத்தத்தை நிறுவாத வழங்கிகளே இரையாயின.

மூன்று வகைத் தீர்வுகள்

இக்குறைபாடுகளுக்கு நிரலர்கள் மூன்று திசைகளில் தீர்வு தேடினர்.

முதலாவது, வேலையைப் பிரித்தல். டேனியல் பெர்ன்ஸ்டைனின் கியூமெயிலும் போஸ்ட்ஃபிக்ஸும் இவ்வழியைப் பின்பற்றின. முழு அதிகாரமுள்ள ஒரே நிரலுக்குப் பதிலாக, குறைந்த அதிகாரமுள்ள பல சிறு நிரல்கள் இருந்தால், ஒன்று வீழ்ந்தாலும் மற்றவை நிற்கும். இதற்கும் எல்லை உண்டு. கியூமெயிலில் பாதுகாப்புக் குறை கண்டுபிடிப்பவருக்கு 500 டாலர் பரிசை பெர்ன்ஸ்டைன் 1997இல் அறிவித்தார். 2005இல் ஜார்ஜி குனின்ஸ்கி நினைவகம் சார்ந்த பிழைகளைக் காட்டியபோது, இயல்பான சூழலில் அவை பயன்படா என்று அவர் மறுத்தார். 2020இல் குவாலிஸ் நிறுவனம் அவற்றுள் ஒன்றைப் பயன்படுத்திக் காட்டியது.

இரண்டாவது, மொழியை மாற்றுதல். தன் தயாரிப்புகளில் ஆண்டுதோறும் திருத்தப்படும் பாதுகாப்புக் குறைகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு நினைவகப் பிழைகள் என்று மைக்ரோசாஃப்ட் 2019இல் தெரிவித்தது. 2015இல் முதல் நிலையான பதிப்பு கண்ட ரஸ்ட் மொழி, இத்தகைய பிழைகளில் பெரும்பாலானவற்றை நிரலைத் தொகுக்கும்போதே மறுத்துவிடுகிறது. ஸ்டால்வார்ட் என்ற அஞ்சல் வழங்கி ரஸ்ட்டில் எழுதப்பட்டது. ஆனால் உலகெங்கும் ஓடும் பழைய சி நிரல்களை ஒரே நாளில் மாற்றி எழுத முடியாது.

மூன்றாவது, வன்பொருளையே காவலுக்கு நிறுத்துதல். பழைய சி நிரல் அப்படியே ஓடட்டும். எல்லை மீறினால் சில்லே தடுக்கட்டும் என்பது இதன் கருத்து. எக்சிம் பிறந்த கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 2010இல் தொடங்கிய செரி திட்டம் இத்திசையில் முன்னோடி. சென்னை ஐஐடியில் வீ. காமகோடி தலைமையிலான குழு 2014இல் தொடங்கிய சக்தி செயலித் திட்டத்திலும் இதே கேள்வி எழுந்தது. 2017இல் அக்குழு சக்தி-டி என்ற வடிவமைப்பை முன்வைத்தது. அதில் நினைவகத்தைச் சுட்டும் ஒவ்வொரு சுட்டிக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அந்தச் சுட்டி எங்கிருந்து எங்குவரை செல்லலாம் என்ற எல்லை தனியோர் இடத்தில் பதிவாகியிருக்கும். சுட்டியைப் பயன்படுத்தும்போதெல்லாம் சில்லு அந்த எல்லையோடு ஒப்பிட்டுப் பார்க்கும். 2019இல் வந்த சக்தி-எம்எஸ் ஆய்வு, இடம், காலம் ஆகிய இருவகைப் பிழைகளையும் சிறிய செயலிகளில் தடுக்கும் வழியை ஆராய்ந்தது. இத்தகைய சில்லில் 2018இன் எக்சிம் ஓடியிருந்தால், எல்லை தாண்டிய அந்த ஒரு பைட் எழுதப்படும் முன்பே நிரல் நிறுத்தப்பட்டிருக்கும். சேவை தடைபடும், ஆனால் வழங்கி பறிபோகாது.

இன்றைய நிலை

சக்தி-டி போன்ற வடிவமைப்புகள் ஆய்வு நிலையைச் சேர்ந்தவை. அன்றாட அஞ்சல் வழங்கிகள் இன்னமும் பெரும்பாலும் சி நிரல்களைச் சாதாரணச் சில்லுகளில் ஓட்டுகின்றன. ஆகவே நடைமுறையில் காப்பது மூன்று பழக்கங்கள். தேவையற்ற சரிபார்ப்பு முறைகளை மூடிவைப்பது முதலாவது. 2011இல் புதிர் முறைகளை மூடியவர்களும், 2023இல் எக்ஸ்டர்னல், என்டிஎல்எம் முறைகளைத் திறக்காமல் இருந்தவர்களும் திருத்தம் வரும் முன்பே தப்பினர். கடவுச்சொல் செல்லும் பாதையை டிஎல்எஸ் குறியாக்கத்தால் காத்தால், எளிய பிளெய்ன் முறையே போதும். திருத்திய பதிப்பு வந்தவுடன் நிறுவுவது இரண்டாவது. வழங்கியை வாடகைக்கு வாங்கியிருப்பவர், அதில் எந்த அஞ்சல் மென்பொருளின் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று சேவை நிறுவனத்திடம் கேட்டறிவது மூன்றாவது.

இந்தியாவில் 2004 ஜனவரி முதல் செர்ட்-இன் அமைப்பு இத்தகைய குறைபாடுகள் பற்றிய எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. வழங்கிகள் மீதான தாக்குதல் உள்ளிட்ட இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 அன்று அது உத்தரவிட்டது. சரிபார்ப்பு நிரலில் உள்ள பிழை வழியே நுழைந்தவர், தவறான கடவுச்சொல் கொடுத்துத் தோற்ற யாரோ ஒருவராக மட்டுமே பதிவேட்டில் தென்படக்கூடும். சில வேளைகளில் அந்தத் தடயமும் இராது. பதிவேட்டை நாள்தோறும் பார்க்கும் நிர்வாகிக்கே அந்த 6 மணி நேரம் பயன்படும்.